வயிற்றுக் கோளாறை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட உட்காரும் நேரத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். "எனக்கு சாப்பிடாமப் பாத்தா 170, சாப்பிட்டப்புறம் 240" என்று ஒரு அண்ணாச்சி நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய பிரஷர் கணக்கை எடுத்து விடுவார். மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா சொல்லிக்கொண்டிருப்பார். அதே அண்ணாச்சிக்கு இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தால், அது அவர் வீட்டம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். வயிறு, குடல், மலம் சம்பந்தப்பட்ட தொந்தரவுகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை, சிலவற்றுக்கு மருந்தே வேண்டாம். கொஞ்சம் மட்டும் அப்படி விட்டுவிட முடியாதவை. எது எந்த வகை என்று பிரிப்பதற்கு மருத்துவருக்கு முதலில் வேண்டியது ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. எத்தனை நாளாக, எத்தனை தடவை, என்ன நிறத்தில், ரத்தம் உண்டா, எடை குறைந்ததா என்று நீங்கள் வாய்திறந்து சொல்லும் விவரம்தான். அதை மறைத்துவிட்டு "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால், அவர் ஒரு கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வாயில் தொடங்கி ஆசனவாய் வரை ஒரே குழாய். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ., அதற்குக் கீழே இரைப்பை, பிறகு ஏறக்குறைய 6 மீட்டருக்குச் சிறுகுடல், கடைசியில் ஒன்றரை மீட்டர் பெருங்குடல். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து வந்து விழும், கணையமும் தன் பங்குக்குச் சாறு கொடுக்கும். சத்தைச் சிறுகுடல் எடுத்துக்கொள்ளும், தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கெட்டியாக்கும். சாப்பிட்டது வெளியே வர ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி ஊற்றினால் கூடவே இஞ்சித் துவையல் வைப்பார்கள் இல்லையா, அது நம் பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. தேங்காய்ப் பாலில் இருக்கும் கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், இஞ்சி அந்த இறக்கத்தைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கும். சொதி சாப்பிட்ட மத்தியானம் வயிறு மந்தமாக இருந்தால் அது நோய் இல்லை, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். சாயங்காலத்தில் சரியாகாதவற்றைப் பற்றித்தான் இனிமேல் பேச்சு.

எது சாதாரணம்?

தினமும் காலையில் ஒரு தடவை போய்விட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் ஏதோ கோளாறு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவக் கணக்கு அவ்வளவு கறாராக இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் இயல்பானவர்கள்தான். எத்தனை தடவை என்பதைவிட எந்தப் பதத்தில் போகிறது என்பது முக்கியம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மலத்தின் பதத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு படமே போட்டார்கள், 1997இல் வெளியான அந்தப் படம் இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் புழங்குகிறது. முதல் வகை ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியாக, இறுகி வருவது. ஏழாவது கட்டியே இல்லாமல் வெறும் தண்ணீராகப் போவது. மூன்றும் நான்கும் நல்ல பதம்: நீளமாக, முக்காமல், வலிக்காமல் வருவது. ஒரு படம் போட்டு எண் கொடுத்ததில் என்ன லாபம் என்றால், நோயாளி கூச்சப்பட்டுத் திணற வேண்டியதில்லை, "இரண்டாம் நம்பர் மாதிரி இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

உங்களுக்கு வழக்கம் என்ன என்பதுதான் அளவுகோல். பல வருடமாக ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மாறி, அந்த மாற்றம் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மலச்சிக்கலோ பேதியோ இரண்டும் மாறி மாறி வருவதோ, மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. 45 வயதைத் தாண்டியவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

சாதாரண மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் நார்ச்சத்தும் தண்ணீரும் நடையும் போதும். பெரியவர்களுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். பொங்கல் சமயத்தில் கிடைக்கிற பனங்கிழங்கு, சிறுகிழங்கு, மற்ற நாளில் கீரை, கொய்யா, கம்பு, தோலோடு பயறு எல்லாம் இதற்கு உதவும். ஆனால் நம் மாவட்டத்தில் பல பெண்களுக்கு மலச்சிக்கல் வருவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மடியில் தட்டை வைத்து பீடி சுற்றுகிறவர்கள் எழுந்து போனால் கணக்குக் குறையுமே என்று அடக்கிக்கொள்கிறார்கள். கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்களும் தூரத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வரும் டீச்சர்களும், அங்கே சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அடக்க அடக்க மலம் உள்ளேயே காய்ந்து இறுகும், முக்கும்போது ஆசனவாயில் வெடிப்பு விழும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவார்கள், அது இன்னும் இறுகும். இந்தச் சுழலை மருத்துவரால் சில வாரங்களில் உடைத்துவிட முடியும். ஒரு களிம்பு, மலத்தை இளக்கும் மருந்து, வெந்நீரில் உட்காருவது, பெரும்பாலும் இவ்வளவுதான். இதைச் சொல்லாமல் வருடக்கணக்கில் அனுபவிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

"எல்லாம் கேஸ்தான்"

நெஞ்சு கரிக்கு, எதுக்களிச்சுக்கிட்டு வருது, வயிறு பொருமுது, புளிச்ச ஏப்பமா வருது என்று எது வந்தாலும் கேஸ் என்று சொல்லிவிட்டு ஒரு இஞ்சி சோடாவோ ஓமத்தண்ணியோ குடித்து முடித்துவிடுவோம். பெரும்பாலான நாளில் அது சரியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இது ஆளையே கொன்றுவிடும். நெஞ்சு நடுவில் பாரமாக அமுக்குகிற மாதிரி இருந்து, வியர்த்து, மூச்சு வாங்கி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், மேல்வயிற்றில் வாயு பிடித்த மாதிரி மட்டும் வந்து போவதுண்டு. அந்த நேரத்தில் சோடா குடித்துவிட்டுப் படுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். 108க்கு போன் செய்துவிட்டு, பக்கத்தில் ஈசிஜி எடுக்கிற இடம் எதுவோ அங்கே போக வேண்டும். ஈசிஜி எடுக்கச் சில நிமிடம் போதும், அதையும் உங்களையும் பார்த்துவிட்டு கேஸ்தான் என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் வாங்குகிற கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான், இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை, சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியவை. இரண்டு வாரம் போட்டுப் பார்க்கலாம். ஆறு மாதமாக, ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அது வலியை அமர்த்திவிட்டு உள்ளே வளர்வதை மறைத்துவிடும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வருகிறது என்றால் ஏன் வருகிறது என்று யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும்.

அல்சர் விஷயத்தில் நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: காரம் சாப்பிட்டால் வரும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வரும். இரண்டும் இருக்கிற புண்ணை எரிய வைக்கும், ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1982இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அமிலத்துக்குள் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று யாரும் நம்பவில்லை, அதனால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து, நிரூபித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் புண்ணியத்தில் இன்றைக்கு அந்தக் கிருமி இருப்பது உறுதியானால், சுமார் இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கூட்டு மருந்து கொடுத்து அதை ஒழிக்கிறார்கள், புண் ஆறிவிடுகிறது. முன்பு வருடக்கணக்கில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, கடைசியில் அறுவை சிகிச்சை வரை போன நோய் இது.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. நம் பக்கம் இதைத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பார்க்கிறேன். வயலிலும் வாழைத்தோட்டத்திலும் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு வயதானால் முழங்கால் போய்விடும். கடையில் போய் "மூட்டுவலிக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் டைக்ளோபினாக் மாதிரி ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் காப்பியோடு அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சில மாதத்தில் இரைப்பையில் புண் வந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். அந்த ரத்தம் அமிலத்தில் கலந்து குடல் முழுக்கப் பயணம் செய்து வெளியே வரும்போது சிவப்பாக இருக்காது, தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றத்தோடு இருக்கும். ஆச்சி அதைப் பார்த்திருப்பார், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று மட்டும் சொல்வார். வீட்டில் "வயசாயிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு டானிக் வாங்கிக்கொடுப்பார்கள்.

அதனால் இதை நினைவில் வையுங்கள்: மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனை. வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தாலும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், அது பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், வளர்ந்த ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்திருந்தால், பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொடுத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும், பல நேரம் பதில் இரைப்பையிலோ குடலிலோதான் இருக்கும்.

சிவப்பு ரத்தம்

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் "மூலம், பவுத்திரம், கத்தியின்றி ரத்தமின்றி" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. முகம் தெரியாத இடம், குடும்ப டாக்டரிடம் காட்ட வேண்டாம், யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே என்ன மருந்து போடுகிறார்கள் என்றே சொல்லாமல் ஊசி போட்டு, ஆசனவாய் சுருங்கிப்போய், அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த, பதிவு பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

மூலம் என்பது ஆசனவாய்க்கு உள்ளே இருக்கிற ரத்தநாளங்கள் வீங்குவது. வலிக்காமல் சிவப்பு ரத்தம் சொட்டும், சிலருக்குச் சதை வெளியே தள்ளும். வெடிப்பு என்பது தோலில் விழுந்த கீறல், அது போகும்போது கத்தியால் கீறுகிற மாதிரி வலிக்கும். பவுத்திரம் என்பது பக்கத்தில் சீழ் வைத்து உடைந்து தனி வழி போட்டுக்கொள்வது, அது தானாக மூடாது. ஆரம்பக் கட்ட மூலத்துக்கு உணவு மாற்றமும் மருந்தும் போதும், அடுத்த கட்டத்துக்கு ரப்பர் வளையம் போட்டுச் சுருங்க வைப்பார்கள், வெகு சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை.

ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுவது பெரிய ஆபத்து. மலக்குடல் புற்றுநோயிலும் அப்படியேதான் ரத்தம் வரும். மூலமும் அதுவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். மருத்துவர் கையுறை போட்டு விரலால் ஒரு நிமிடம் பரிசோதித்தாலே மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கட்டி பல சமயம் கைக்குத் தட்டுப்பட்டுவிடும். கூச்சமாகத்தான் இருக்கும், வலி அதிகம் இருக்காது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் சின்னச் சதை முளையாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும், அதற்கு முன்பே கொலனோஸ்கோப்பியில், அதாவது கீழ்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனையில், பார்த்துவிட்டால் அங்கேயே நறுக்கி எடுத்துவிடலாம், புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம். மலம் போன பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி உணர்வு, சளி மாதிரி வழிவது, காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், இவற்றோடு ரத்தமும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இது வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்திருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதனால்தான் குடும்பத்துக்குள் பேச வேண்டும் என்கிறேன். பெரியப்பா எதனால் இறந்தார் என்பதை "வயித்துல கட்டி" என்று மூடிவைத்தால் அவர் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

உணவு தொண்டைக்குக் கீழே சிக்குகிற மாதிரி இருப்பதும் இதே வரிசையில் வருவதுதான். முதலில் சோறு இறங்காது, பிறகு இட்லி, பிறகு கஞ்சி என்று போகும். மூன்றாவது கட்டம் வரை காத்திருக்கக் கூடாது. புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட், மது பழக்கம் உள்ளவர்கள் முதல் தடவையே காட்டிவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு

பிள்ளை சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போவதும், குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும் இன்றைக்கும் நடக்கிறது. பெற்றோருடைய பதற்றம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வயிற்றுவலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வால் (அப்பென்டிக்ஸ்) அழற்சியாக இருக்கலாம். அந்த வயிற்றை அமுக்கினாலோ பேதிக்குக் கொடுத்தாலோ குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிடும். பிள்ளை நிமிர்ந்து நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தால் நேரே மருத்துவமனைக்குத்தான்.

வயிற்றால் போகும்போது பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இந்த அளவு மாறக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் குழிந்து, துவண்டு, ஆறேழு மணி நேரம் மூத்திரமே போகாவிட்டாலோ மலத்தில் ரத்தம் கலந்தாலோ ஓஆர்எஸ்ஸோடு நின்றுவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

மஞ்சள் காமாலை பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நம் ஊர்க் கட்டுரை முழுமையாகாது. கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், அதனால் பச்சிலை குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். ஆனால் பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்து வருகிற காமாலை இலைச்சாற்றுக்கு இறங்காது. மலம் வெளுத்து, மூத்திரம் கட்டன்சாயா நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரித்தால், முக்கியமாக வயதானவருக்கு வலியே இல்லாமல் காமாலை ஏறிக்கொண்டே போனால், முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அங்கே படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெயர் தெரியாத சாறு வேண்டாம். எந்த மருத்துவரிடம் போனாலும் இன்னொரு இடத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விட்டு விட்டு வயிற்றுவலி இருந்தால் அதையும் நினைக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே மருந்து கொடுத்து ஆறு மாதம்போல சிகிச்சை தருகிறார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் வயிற்றுவலியும் அவசரமாகப் போக வேண்டிய உணர்வும் தொடர்கிறவர்களும் உண்டு, பரீட்சைக்கு முன்னால், பஸ் ஏறுவதற்கு முன்னால் என்று வரும். எரிச்சல் குடல் நோய் என்று அதற்குப் பெயர். அது நடிப்போ மனப்பிரமையோ இல்லை, குடலுக்கும் மூளைக்கும் இடையில் நரம்பு வழியாக நடக்கிற போக்குவரத்தில் வருகிற கோளாறு, அதற்கும் சிகிச்சை உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி, ரத்தம், எடை குறைவு ஆகியவை இந்த நோயில் வருவதில்லை, அவை இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒருவரிடமாவது முதலில் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சம் என்றால் மைனியிடம், சித்தியிடம், கூட வேலை பார்க்கிற ஒருவரிடம். ஆண்களுக்குத்தான் இது இன்னும் கஷ்டம், வலி தாங்க முடியாமல் போகிற வரைக்கும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கேட்கிறவர்கள் சிரிக்காமல், "இதப் போயி பேசிக்கிட்டு" என்று தட்டிவிடாமல் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். "தாத்தா, வெளிக்கு ஒழுங்காப் போகுதா? கறுப்பாப் போகுதா? ரத்தம் எதும் வருதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சென்னையிலோ துபாயிலோ இருந்து போனில் பேசுகிற பிள்ளைகளும் கேட்கலாம்.

ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைக்கிற நேரம் குறைவு, பின்னால் வரிசை நிற்கும். அதனால் வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய்விடுங்கள். "டாக்டரம்மா, எனக்கு ஒன்றரை மாதமா வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. மலத்தோட கலந்து வருது, கடைசியில் சொட்டலை. முன்னால ஒரு தடவை போவேன், இப்ப நாலு தடவை. நாலு கிலோ எடை குறைஞ்சிருக்கு. மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுதேன். எங்க அண்ணனுக்குக் குடல்ல ஆபரேஷன் ஆச்சு." இவ்வளவு போதும், இந்த ஆறு வாக்கியத்தில் பாதி நோய் பிடிபட்டுவிடும். சொல்ல வாய் வரவில்லை என்றால் தாளை நீட்டிவிடுங்கள். மலத்தின் நிறம் சந்தேகமாக இருந்தால் செல்போனில் போட்டோ எடுத்துக் காட்டினாலும் எந்த டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார். பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால் பரிசோதனை நேரத்தில் ஒரு நர்ஸ் கூட நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள், அல்லது 104க்கு போன் செய்து ஆலோசனை கேளுங்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தந்த ஊர் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி, அங்கே இரைப்பை குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எங்கே போனாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். வாய் வழியாகப் பார்ப்பது எண்டோஸ்கோப்பி: முன்னால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், சாதாரணமாகப் பார்ப்பதென்றால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கொஞ்சம் குமட்டும். கீழ்வழியாகப் பார்ப்பது கொலனோஸ்கோப்பி: அதில் கஷ்டமான பகுதி முதல் நாள் ராத்திரிதான், குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்தைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும், கழிப்பறைப் பக்கத்திலேயே இருக்க வேண்டிவரும். மறுநாள் மயக்க ஊசி கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அரை மணி நேரம்போல ஆகும். ஊசி போட்ட அன்றைக்கு நீங்களே வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும், எந்தத் தேதியில், எந்த அறையில் வாங்க வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வலி நின்றுவிட்டதே என்று ரிப்போர்ட் வாங்கப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், அந்தத் தேதியில் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போய் வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டே வாருங்கள்.